வலிக்காத கட்டி

குன்றக்குடியில் யாருக்காவது உடம்பில் கட்டி வந்தால் முதலில் நினைவுக்கு வருவது மலைமேல் இருக்கும் முருகன்தான். பெரிய மருதுவின் முதுகில் ராஜபிளவை வந்து எந்த வைத்தியத்துக்கும் அடங்காமல் இருந்தபோது, அடியார் ஒருவர் இந்த முருகனை நினைத்துப் பூசிய திருநீற்றில் அது ஆறியது, அந்த நன்றிக்கு மருது சகோதரர்கள் கோயிலுக்குத் திருப்பணி செய்தார்கள் என்ற கதை இங்கே பிள்ளைகளுக்குச் சோறூட்டும்போதே சொல்லப்படுகிறது. பங்குனி உத்திரத்துக்கும் தைப்பூசத்துக்கும் காவடி எடுத்து வருகிறவர்களைக் கேட்டால், பாதிப் பேருக்காவது ஏதோ ஒரு நோய் தீர்ந்த நேர்த்திக்கடன் இருக்கும்.

நான் இந்தப் பக்கத்தில் தொற்றா நோய்ப் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறேன். சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்ப்பதும், பெண்களுக்குக் கருப்பை வாய்ப் பரிசோதனையும் மார்பகப் பரிசோதனையும் செய்வதும் என் வேலை. மார்பில் கட்டியோடு என்னிடம் வருகிறவர்களில் பலர் மலையேறி இறங்கிவிட்டுத்தான் வருகிறார்கள். நெற்றியில் திருநீறு இருக்கும். கட்டி இருக்கும் இடத்திலும் இருக்கும். அதைத் துடைக்கச் சொல்ல மாட்டேன். அதன் மேலேயே விரல் வைத்துப் பார்ப்பேன். தோல் வியர்வையில் பிசுபிசுத்தால் விரல் சரியாக நகராது என்பதால் நாங்களே பவுடர் போட்டுத்தான் பார்க்கிறோம். திருநீறு அந்த வேலையைச் செய்துவிடும். இந்த ஊர் மடத்தின் தலைவராக இருந்த குன்றக்குடி அடிகளார், காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிலையத்து அறிவியலாளர்களைக் கிராமத்துக்குள் அழைத்து வந்து தொழில் தொடங்க வைத்தவர். அப்படிப்பட்ட ஊரில் வேலை பார்க்கும் எனக்கு, சாமியையும் ஸ்கேனையும் எதிரெதிராக நிறுத்த மனம் வருவதில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை ஒவ்வொருத்தியிடமும் சொல்லிவிடுவேன். ராஜபிளவை சிவக்கும், சுடும், இரவில் தூங்கவிடாது, சீழ் வைத்து வாய் திறக்கும். வீட்டில் ஒளித்துவைக்க முடியாத நோய் அது. மார்புப் புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்கவே வலிக்காது. குளிக்கும்போது கைக்கு ஏதோ நெருடும், மறுநாளும் நெருடும், அவ்வளவுதான். காய்ச்சல் இல்லை, பசி குறையவில்லை, வேலை கெடவில்லை.

“வலிக்கலையே நர்ஸம்மா, அப்பறம் எதுக்கு ஆஸ்பத்திரி?”

இந்த வேலையில் நான் அதிகம் கேட்ட கேள்வி இது. கேட்பவளைக் குற்றம் சொல்ல முடியாது. வலிக்கிற முதுகுக்கே தைலம் தேய்த்துக்கொண்டு நூறு நாள் வேலைக்குப் போகிறவள், வலிக்காத ஒன்றுக்காக ஒரு நாள் கூலியை விடுவாளா? இத்தனை வருஷமாக அவளை ஆஸ்பத்திரிக்கு வரவைத்தது வலி ஒன்றுதான். அந்த வலி வரும்வரை காத்திருந்தால் இந்த நோயில் காலம் கடந்துவிடும் என்பதை அவளுக்குப் புரியவைப்பதுதான் என் வேலையில் கடினமான பகுதி. வலிக்கும் கட்டி என்றால் பயமில்லை என்று இதைத் திருப்பிப் போட்டுவிடவும் கூடாது. சில புற்றுகள் வலிக்கவும் செய்யும். மாதவிலக்குக்கு முன்னால் இரண்டு மார்பும் கனத்து வலித்து, விலக்கு வந்ததும் சரியாகிவிட்டால் அது உடம்பின் வழக்கம். கட்டி என்று ஒன்று கைக்குத் தட்டுப்பட்டால் வலித்தாலும் வலிக்காவிட்டாலும் காட்டிவிட வேண்டும்.

பரிசோதனையில் முதல் வேலை கண்ணுக்கு. பெண்கள் கையை நீட்டிக்கொண்டு நேராகப் படுக்கப் போவார்கள். நான் உட்காரச் சொல்வேன். கதவைச் சாத்தி, சன்னலுக்குத் துணி போட்டு, ஒரு துண்டைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொள்வேன். ரவிக்கையைக் கழற்றுவது பரிசோதனையின் ஒரு சிறு படிதான் எங்களுக்கு. நாற்பது வருஷத் தாம்பத்தியத்தில் விளக்கு வெளிச்சத்தில் ரவிக்கை கழற்றாத பெண்களுக்கு அது மலையேறுவதைவிடப் பெரிய காரியம். அந்த ஒரு நிமிஷம் அவளுக்குக் கிடைக்காவிட்டால் அடுத்த முறை அவள் வர மாட்டாள். பக்கத்து வீட்டுக்காரியையும் வரவிட மாட்டாள்.

உட்கார்ந்தபடி நான்கு விதமாகப் பார்க்க வேண்டும். கைகளைத் தொங்கவிட்டு ஒரு முறை, தலைக்கு மேல் தூக்கி ஒரு முறை, இடுப்பில் வைத்து அழுத்தி ஒரு முறை, முன்னால் குனிந்து ஒரு முறை. சம்பிரதாயத்துக்காகச் செய்வதில்லை. மார்பகத்துக்குள் தோலையும் அடித்தசையையும் இணைக்கும் மெல்லிய நார்கள் ஓடுகின்றன. உள்ளே வளரும் புற்று இந்த நார்களைப் பிடித்துச் சுருக்கும். கை தொங்கும்போது எதுவும் தெரியாது. கையைத் தூக்கினால் தோல் மேலே ஏறும். நார் சுருங்கிய இடம் மட்டும் ஏறாமல் பின்தங்கிக் குழி விழும். இடுப்பை அழுத்தினால் நெஞ்சுத் தசை இறுகும். கட்டி அடியில் ஒட்டியிருந்தால் அந்தப் பக்கம் மட்டும் இழுத்துக் காட்டும்.

ஒரு முறை பிரஷர் மாத்திரை வாங்க வந்த ஒருத்தி, கண்மாய்க்கரை வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். காலில் மண் காய்ந்திருந்தது. வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். கட்டி எதையும் அவள் உணரவில்லை. வந்த இடத்தில் இதையும் பார்த்துவிட்டுப் போங்கள் என்று நான்தான் பிடித்து உட்காரவைத்தேன். கை தொங்கும்போது இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தன. கையைத் தூக்கினாள். இடது பக்கம், காம்புக்குக் கீழே உள்பக்கமாக, விரல் நுனி அழுந்திய தடம் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்தது. கையை இறக்கினாள், காணவில்லை. மறுபடி தூக்கினாள், வந்தது. படுக்கவைத்து அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனபோது, விலாவுக்குச் சற்று மேலே, நகராமல் ஒன்று தட்டுப்பட்டது. கண் அந்தப் பள்ளத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் என் விரல் அவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்குமா என்பது சந்தேகம்தான். பிறகு எடுத்த ஸ்கேனில் ஒன்றரை சென்டிமீட்டர். அக்குள் நெறிகட்டிகளுக்குப் பரவியிருக்கவில்லை. மார்பை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்து, கதிர்வீச்சு கொடுத்து, மாத்திரையில் இருக்கிறாள். மறுபடி வேலைக்கும் போகிறாள்.

கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் வேறு சிலவும் உண்டு. பருவம் வந்ததிலிருந்தே உள்வாங்கியிருக்கும் காம்பு பயப்பட வேண்டியதில்லை. நேற்றுவரை நேராக இருந்து இப்போது உள்ளே இழுத்துக்கொண்டால் அது சேதி. ஒரே பக்கத்துக் காம்பில், ஒரே துவாரத்திலிருந்து, அமுக்காமலே ரத்தமோ ரத்தம் கலந்த நீரோ கசிந்து ரவிக்கையில் கறை படிந்தால் உடனே காட்ட வேண்டும். காம்பைச் சுற்றிச் சொறியும் செதிலுமாக வந்து வாரக்கணக்கில் களிம்பு போட்டும் ஆறாவிட்டால் அதைத் தோல் நோய் என்று விட்டுவிடக் கூடாது. தோல் தடித்து மயிர்க்கால் துளைகள் பெரிதாகி நிற்பதை ஆரஞ்சுத் தோல் என்று எங்களுக்குப் பாடம் நடத்துவார்கள். கட்டி கைக்குத் தட்டுப்படாவிட்டாலும் அது முக்கியமான குறி. பால் கொடுக்காத பெண்ணுக்கு மார்பு முழுவதும் சிவந்து வீங்கி, மாத்திரைக்கும் அடங்காவிட்டால் அது சாதாரண வீக்கமாக இல்லாமல் போகலாம். அக்குளில் நெறி கட்டினாலும் மார்பைச் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இனி கை. பார்க்கும் பக்கத்துக் கையைத் தலைக்கு மேல் மடக்கி வைத்துப் படுக்கச் சொல்வேன். மார்பு பெரிதாக இருந்தால் எதிர்ப்பக்கமாகச் சற்று ஒருக்களிக்கச் சொன்னால் வெளிப்பக்கச் சதை விலாவின் மேல் பரவும். விரலுக்கும் எலும்புக்கும் நடுவில் சதை எவ்வளவு மெலிதாக இருக்கிறதோ அவ்வளவு தெளிவாகக் கை பேசும். நடு மூன்று விரல்களைச் சேர்த்து, அவற்றின் நுனியை விட்டு அடுத்துள்ள மெத்தென்ற பகுதியால் தொட வேண்டும். நுனியால் குத்தினால் சாதாரணச் சுரப்பிகூடக் கட்டியாகத் தோன்றும். ஒவ்வொரு இடத்திலும் விரலை எடுக்காமல் மூன்று சிறு வட்டங்கள்: தோலை மட்டும் நகர்த்தும் அளவுக்கு முதல் வட்டம், நடுச்சதை வரை இரண்டாவது, விலா எலும்பு கைக்குத் தெரியும் வரை மூன்றாவது. பிறகு விரலைத் தூக்காமலே அடுத்த இடத்துக்கு வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அக்குளில் தொடங்கி நேர்கோட்டில் கீழே, பக்கத்துக் கோட்டில் மேலே, மறுபடி கீழே என்று நெஞ்செலும்பு வரை. மேலே காறை எலும்பு, கீழே மார்பின் மடிப்புக்கும் சற்றுக் கீழே. கண்ணுக்குத் தெரியும் உருண்டையோடு மார்பகம் முடிவதில்லை. அதன் வால் அக்குளுக்குள் ஏறுகிறது. கட்டிகளில் ஏறத்தாழ பாதி அந்த மேல் வெளிப்பக்கத்தில்தான் வருகின்றன. வட்டம் வட்டமாகச் சுற்றிப் பார்க்கிறவர்கள் தவறவிடுவதும் அந்த மூலையைத்தான்.

அவள் எந்தப் பக்கத்தில் சந்தேகம் என்கிறாளோ அதற்கு மறுபக்கத்திலிருந்துதான் நான் தொடங்குவேன். அவளுடைய இயல்பான சதை எப்படி இருக்கும் என்று விரலுக்குத் தெரிந்த பிறகுதான் மாறுதல் தெரியும். ஒவ்வொருத்தியின் மார்பும் ஒவ்வொரு மாதிரி. முப்பது வயதில் முடிச்சு முடிச்சாக, இறுக்கமாக இருக்கும். விலக்கு நின்ற பிறகு கொழுப்பு கூடி மிருதுவாகிவிடும். அதில் கட்டியைக் கண்டுபிடிப்பது சுலபம். மார்பின் கீழ் மடிப்பில் எல்லாப் பெண்களுக்கும் ஒரு தடித்த வரம்பு உண்டு; அதைத் தடவிப் பார்த்து இரவெல்லாம் அழுதுவிட்டு வந்த பிள்ளைகள் உண்டு. விலக்கு உள்ளவர்களை, விலக்கு வந்து ஏழிலிருந்து பத்து நாளுக்குள் வரச் சொல்வேன். அப்போதுதான் மார்பு இளகியிருக்கும். இதற்காகத் திருப்பி அனுப்பவும் மாட்டேன். கூலிக்காரியைத் திருப்பி அனுப்பினால் திரும்பி வருவாள் என்று என்ன நிச்சயம்?

கட்டி தட்டுப்பட்டால் அதைச் சுற்றி விரலால் கேள்வி கேட்க வேண்டும். நழுவுகிறதா, ஒட்டியிருக்கிறதா? விளிம்பு வழவழப்பா, கரடா? மெத்தென்றா, கெட்டியா? இளம்பெண்களுக்கு வரும் நார்க்கட்டி விரலுக்கு அகப்படாமல் ஓடும். புற்று பெரும்பாலும் கெட்டியாக, விளிம்பு சீரற்று, இருந்த இடத்தைவிட்டு அசையாமல் நிற்கும். ஆனால் கையை வைத்தே தீர்ப்பு எழுதக் கூடாது. நழுவும் கட்டியிலும் புற்று இருந்திருக்கிறது. கட்டி இருக்கிறது என்று சொல்வதோடு கையின் வேலை முடிந்தது.

அளவு கேட்டால் பெண்கள் மிளகு, சுண்டைக்காய், நெல்லிக்காய், எலுமிச்சை என்று சொல்வார்கள். நான் பதிவேட்டில் சென்டிமீட்டரில் எழுதுவேன். இரண்டு சென்டிமீட்டருக்குள் இருந்தால் முதல் அளவு, ஐந்துக்குள் இரண்டாவது என்பது மருத்துவக் கணக்கு. எங்கள் பெண்கள் வாய்மொழியில் சொன்னால், சுண்டைக்காயில் வந்தால் முதல் அளவு, எலுமிச்சையில் வந்தால் இரண்டாவது. அந்த இரண்டு காய்களுக்கும் இடையில்தான் ஒரு பெண் மார்பை இழப்பதும் இழக்காததும், கீமோ எத்தனை தவணை என்பதும், பல நேரம் உயிரும் இருக்கிறது.

2022-ஆம் ஆண்டு உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி உலகம் முழுக்க ஏறத்தாழ 23 லட்சம் பேருக்கு மார்புப் புற்று வந்தது. 6 லட்சத்து 70 ஆயிரம் பேர் அதில் இறந்தார்கள். இந்தியாவில் ஏறத்தாழ 1 லட்சத்து 92 ஆயிரம் பேருக்கு வந்து 98 ஆயிரம் பேர் இறந்தார்கள். உலகக் கணக்கில் நோய் வந்தவர்களின் எண்ணிக்கைக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இறப்பு, நம்மிடம் பாதி. நம் பெண்களின் உடம்பு பலவீனம் என்பதோ நோய் கொடியது என்பதோ இதற்குப் போதுமான காரணம் ஆகாது. எலுமிச்சையாகவும் அதற்கு மேலும் ஆன பிறகு வருவதும், வந்த பிறகு சிகிச்சையை முடிக்காமல் நின்றுவிடுவதும்தான் இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு என்று என் அனுபவம் சொல்கிறது. மேலை நாடுகளைவிட நம் நாட்டில் இந்த நோய் சுமார் பத்து ஆண்டு முன்னதாகவே வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அங்கே பேரன் எடுத்த வயதில் வருவது இங்கே மகள் கல்யாணத்துக்கு நகை சேர்க்கும் வயதில் வருகிறது.

மேமோகிராம் இயந்திரம் இல்லாத ஊரில் கையால் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று படித்தவர்களே கேட்பதுண்டு. அதற்கு நம் நாட்டிலேயே பதில் கிடைத்திருக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கிய ஆய்வில் 35-இலிருந்து 64 வயது வரையிலான 1,51,538 பெண்கள். ஒரு பாதிப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒரு முறை கையால் பரிசோதித்தார்கள். இருபதாண்டுக் கணக்கு 2021-இல் வெளிவந்தது. பரிசோதிக்கப்பட்டவர்களிடம் நோய் முற்றாத நிலையில் பிடிபட்டது. 50 வயதைக் கடந்த பெண்களில் மார்புப் புற்று இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. 50-க்குக் கீழே இறப்பில் குறைவு தெரியவில்லை; அதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் 1,15,652 பெண்களிடம் நடந்த இன்னோர் ஆய்வின் முதற்கட்ட முடிவு 2011-இல் வந்தது. கைப் பரிசோதனை நடந்த பகுதியில் கண்டறியப்பட்ட புற்றுகளில் 43.8 விழுக்காடு ஆரம்ப நிலையில் இருந்தன. நடக்காத பகுதியில் 25.4 விழுக்காடுதான். அந்தப் பரிசோதனைகளைச் செய்தவர்கள் என்னைப் போன்ற பெண்கள். முகாமில் விரல் ஓய்ந்துபோகும் பிற்பகல்களில் இந்த எண்களை நான் நினைத்துக்கொள்வதுண்டு.

சீனாவில் ஷாங்காய் நகரத்து நூற்பாலைப் பெண் தொழிலாளர்கள் 2,66,064 பேரிடம் நடந்த ஆய்வு வேறொன்றைச் சொன்னது. மாதந்தோறும் தனக்குத் தானே பரிசோதித்துக்கொள்ள ஒரு பாதிப் பேருக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் இறப்பு குறையவில்லை. சாதாரணக் கட்டிகளுக்கு ஊசிப் பரிசோதனைகள்தான் கூடின. அதனால் நான் நாள் குறித்து, அட்டவணை போட்டுச் சுயபரிசோதனை செய்யச் சொல்லிப் பயமுறுத்துவதில்லை. குளிக்கும்போது மஞ்சள் பூசுகிற கை, சோப்புப் போடுகிற கை, தன் உடம்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்துவைத்திருந்தால் போதும் என்கிறேன். புதிதாக ஏதாவது தெரிந்தால், அடுத்த விலக்குக்குப் பிறகும் அது போகாவிட்டால், வந்து காட்ட வேண்டும். விலக்கு நின்றவள் ஒரு நாளும் பொறுக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் 2012-இலிருந்து மாநிலம் முழுவதும் தொற்றா நோய்த் திட்டத்தில் 30 வயது தாண்டிய பெண்களுக்கு இந்தப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசமாக நடக்கிறது. அதற்கு முன்னோட்டமாக ரத்த அழுத்தத் திட்டம் நடத்திப் பார்த்த இரண்டு மாவட்டங்களில் எங்கள் சிவகங்கையும் ஒன்று, இன்னொன்று விருதுநகர். பிரஷர் பார்க்கும் மேசையிலிருந்து பெண்களை இந்த அறைக்கு அழைத்து வரும் பழக்கம் எங்களுக்கு எளிதாகக் கைவந்ததற்கு அதுவும் காரணம். ஒன்றிய அரசின் வழிகாட்டுதலில் 30-இலிருந்து 65 வயது வரை ஐந்தாண்டுக்கு ஒரு முறை என்று இருக்கிறது. ஐந்தாண்டு நீளம் என்பது என் எண்ணம். மும்பையில் பலன் கொடுத்தது இரண்டாண்டு இடைவெளி. 40 தாண்டியவர்களை நான் வருஷம் ஒரு முறை கூப்பிடுகிறேன்.

வராதவர்களில் அதிகம் பேர் வயதானவர்கள். பிள்ளைகளெல்லாம் வெளிநாட்டில், நான்கு கட்டு வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிகள். கணவன் இறந்த பிறகு தன் உடம்பைத் தானே பார்ப்பதையே விட்டுவிட்டவர்கள். “இந்த வயசுல எனக்கு எதுக்குத்தா இதெல்லாம், பாலா கொடுக்கப் போறேன்?” என்பார்கள். வயது ஏற ஏறத்தான் இந்த நோயின் வாய்ப்பும் ஏறுகிறது. நிறையப் பிள்ளை பெற்றுப் பால் கொடுத்தவர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. முழுப் பாதுகாப்பு இல்லை. குடும்பத்தில் யாருக்கும் இல்லையே என்பதும் அப்படித்தான். பரம்பரையாக மரபணு வழியில் வருவது நூற்றில் ஐந்திலிருந்து பத்து வரைதான். மிச்சப் பெண்களுக்குத் தாயிடமோ சகோதரியிடமோ முன்னறிவிப்பு எதுவும் இருப்பதில்லை. ஆண்களுக்கும் அபூர்வமாக, நூறு மார்புப் புற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் வருகிறது. கட்டியோடு வருகிறவர்களுக்குத் துணையாக வந்த கணவர்களிடம் அதையும் சொல்வேன்.

கட்டி தட்டுப்பட்டதும் என்ன சொல்வது என்பதற்கும் பயிற்சி வேண்டும். முகத்தைப் பார்த்தே அவர்கள் பாதி கண்டுபிடித்துவிடுவார்கள். விரல் ஓர் இடத்தில் நின்றுவிட்டாலே மூச்சு மாறும்.

“இந்த எடத்துல ஒண்ணு தட்டுப்படுதுக்கா. என் கைக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அது என்னன்னு பெரியாஸ்பத்திரில ஸ்கேன் எடுத்து ஊசி போட்டுப் பாத்தாத்தான் தெரியும்.”

“புத்தா இருக்குமோ தாயி?”

“முக்காவாசிக் கட்டி சாதாக் கட்டிதான். ஆனா பாக்காம அத நானும் சொல்லக் கூடாது, நீங்களும் சொல்லிக்கிறக் கூடாது.”

ஒன்றுமில்லை என்று நான் சொன்னால் அவள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவாள். போனவள் வர மாட்டாள். புற்று என்று சொன்னால் பயத்தில் வர மாட்டாள். இரண்டுக்கும் நடுவில் அவளை பஸ் ஏற்ற வேண்டும். மருத்துவர்கள் மூன்று சோதனைகளைச் சேர்த்துத்தான் முடிவு சொல்வார்கள்: கைப் பரிசோதனை, படம், ஊசியால் எடுத்த சதைத் துணுக்கு. நாற்பதுக்குக் கீழே மார்பு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் கட்டி மறைந்துபோகும், அவர்களுக்கு அல்ட்ராசவுண்டு. மூத்தவர்களுக்கு மேமோகிராம். மார்பைத் தட்டுகளுக்கு நடுவே அமுக்கும்போது சில விநாடி வலிக்கும். முன்கூட்டியே சொல்லி அனுப்பினால் பொறுத்துக்கொள்வார்கள். சொல்லாமல் அனுப்பினால் ஊருக்கு வந்து கதை சொல்வார்கள்.

ஊசிதான் பெரிய தடை. ஊசி குத்தினால் பரவிவிடும் என்ற பேச்சு எங்கள் பக்கம் வேரூன்றியிருக்கிறது. முற்றிய பிறகு ஊசிபோட்டுப் பார்த்து, சில மாதத்தில் இறந்துபோன ஒரு பெரியம்மாவோ அத்தையோ எல்லார் வீட்டிலும் இருக்கிறார். நோய் கொன்றதை ஊசி கொன்றதாக நினைவில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஊசியால் பரவுவதில்லை என்று நான் சொல்வதைவிட, ஊசி போட்டு ஐந்தாறு வருஷமாக நடமாடுகிற ஒருத்தியைப் பக்கத்தில் உட்காரவைப்பது பலிக்கிறது. சிகிச்சை முடித்த பெண்கள் சிலர் முகாம் நாளில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். பத்துப் போட்டு, கட்டியைப் பழுக்கவைத்து உடைக்கிறேன் என்று சொல்கிறவர்களிடம் போய், நாட்களையும் தோலையும் இழந்து வருகிறவர்களையும் அவர்கள்தான் தடுக்கிறார்கள்.

பிறகு நாட்கள் ஓடத் தொடங்கும். மகன் சிங்கப்பூரிலிருந்து வரட்டும், அறுப்பு முடியட்டும், உத்திரம் கழியட்டும், பேத்திக்குக் காது குத்து முடியட்டும். இதில் எந்தக் காரணமும் பொய்யில்லை. எல்லாமே அவள் வாழ்க்கை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் மார்புப் புற்றுக்கென்று தொடங்கிய திட்டத்தில், நோயாளி முதலில் காட்டிய நாளிலிருந்து 60 நாளுக்குள் நோய் இன்னதென்று முடிவாகிவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. நான் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் அந்த அறுபதாம் நாளின் தேதியைச் சிவப்பு மையில் எழுதிவைக்கிறேன். முதல் வாரத்தில் ஒரு போன். போகவில்லை என்றால் வீட்டுக்கு ஒரு நடை. மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் வந்த பிறகு மாத்திரை கொடுக்கத் தெருத்தெருவாகப் போகும் பெண்கள் இதில் பெரிய உதவி. எந்த வீட்டில் யார் தட்டிக்கழிக்கிறார்கள் என்பது அவர்களுக்கு எனக்கு முன்பே தெரியும். காப்பீட்டு அட்டை இல்லாதவர்களுக்கு வருமானச் சான்றிதழ் வாங்கி முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ப்பது, சிவகங்கை மருத்துவக் கல்லூரியிலோ மதுரை ராஜாஜி மருத்துவமனையிலோ எந்த நாளில் புறநோயாளிப் பிரிவு என்று விசாரித்துச் சொல்வது, திருப்பத்தூர் வழியாகப் போகும் மதுரை பஸ்ஸில் துணைக்கு ஒரு மருமகளை ஏற்றிவிடுவது, இவை எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. விரலால் கண்டுபிடித்த கட்டிக்கு இந்த நடைகளைச் சேர்க்காவிட்டால் அவளுக்குக் கிடைத்தது பயம் ஒன்றுதான்.

நம் பக்கத்திலிருந்து தொடங்கிய வேலை இது என்ற பெருமையும் எனக்கு உண்டு. இங்கிருந்து கூப்பிடு தூரத்துப் புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்தை மனத்திலேயே வைத்திருந்து 1954-இல் அடையாறில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். மறுவருஷம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021 ஜனவரியில் மறையும்வரை அந்த வளாகத்திலேயே வாழ்ந்தார். பணம் இல்லை என்பதற்காக யாரும் சிகிச்சை இல்லாமல் திரும்பக் கூடாது என்பது அவர்கள் கட்டிக்காத்த கொள்கை. முத்துலட்சுமி காலத்தில் மார்புப் புற்றுக்கு மார்பு, அதன் அடித்தசை, அக்குள் நெறிகள் என்று வாரி எடுப்பதுதான் வழி. இன்று ஆரம்பத்தில் வந்தால் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுப்பதும் உயிரைக் காப்பதில் அதற்குக் குறைவில்லை என்று இருபதாண்டுக் கணக்கோடு நிறுவியிருக்கிறார்கள். ஹார்மோன் சார்ந்த புற்று என்றால் விலை மலிவான தமாக்சிபென் மாத்திரை ஐந்து வருஷம் சாப்பிட்டே திரும்ப வராமல் பலரைக் காப்பாற்றலாம். இவ்வளவும் முன்கூட்டி வருகிறவளுக்குத்தான் முழுமையாகக் கிடைக்கும்.

புதிதாகப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சிலிக்கோன் மாதிரி மார்பில் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கக் கற்றுக்கொடுக்கிறேன். அதற்குள் வெவ்வேறு ஆழத்தில் சிறு குண்டுகள் பதிந்திருக்கும். முதல் நாள் பெரியதை மட்டும் கண்டுபிடித்துவிட்டு முடிந்தது என்பார்கள். இன்னும் இருக்கிறது, பாருங்கள் என்று நான் நிற்பேன். அடியில் உள்ள சின்னக் குண்டைத் தொடும்வரை கைகளில் அவசரம் இருக்கும். தொட்ட பிறகு வேகம் தானாகக் குறைந்துவிடும். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷமாவது வேண்டும். அக்குள், காறை எலும்புக்கு மேலே, கண் பார்வை, பேச்சு எல்லாம் சேர்த்தால் ஒரு பெண்ணுக்குப் பத்து நிமிஷம். முகாம் நாளில் வாசலில் வரிசை கோயில் வரை நீளும். எத்தனை பேர் பார்த்தாயிற்று என்று மேலிடத்திலிருந்து போன் வரும். நூறு என்று சொன்னால் பாராட்டுவார்கள். பத்து நிமிஷக் கணக்கில் ஒரு நாளில் ஒருத்தியால் நூறு பேரைப் பார்க்க முடியாது. அப்படிப் பார்த்ததாக எழுதினால், பார்க்கப்பட்டதாக நினைத்துக்கொண்டு அடுத்த சில வருஷம் நிம்மதியாக இருக்கப்போகிற பெண்களுக்கு நாம் செய்வது துரோகம். எண்ணிக்கை கேட்கிறவர்கள், எத்தனை பேருக்குக் கட்டி தட்டுப்பட்டது, அதில் எத்தனை பேர் ஊசிப் பரிசோதனை வரை போனார்கள், எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள் என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் நான் பதிவேட்டை எடுத்துச் சிவப்பு மையில் இருக்கும் தேதிகளையே காட்டுவேன்.